முன்பல்லைத் திரும்பச் செய்தால் சொந்தப் பல் மாதிரியே இருக்குமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சுருக்கமாக விஷயம் இதுதான்: ஒன்பது நாளுக்கு முன் ஓட்டோ சடுதியாக பிரேக் போட்டதில் முன்கம்பியில் முகம் மோதி, மேல் முன்பல் ஒன்றின் மூலை உடைந்துவிட்டது. எக்ஸ்ரே பார்த்த டொக்டர் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றிருக்கிறார். அவர் கொம்போசிட், அதாவது பல் நிறப் பிசின் கலவை, வைத்துக் கட்டலாம் என்கிறார். இன்னொருவர், நடுவில் உள்ள இரண்டு பல்லுக்கும் சேர்த்துக் கிரவுன் (பல்லைச் சீவி மேலே முழுதாக மாட்டும் உறை) போட்டால்தான் ஒரே மாதிரி இருக்கும் என்கிறார். நாலு மாதத்தில் கல்யாணம். பெரியம்மா மகளின் கிரவுன் போட்ட பல் நேரில் பரவாயில்லை, ஃபோட்டோவில் மட்டும் சுண்ணாம்பு பூசியது போலத் தனியே நிற்கிறதாம். எனக்கும் அப்படி ஆகுமா, செய்த பல் எப்போதாவது சொந்தப் பல் மாதிரி இருக்குமா என்று கேட்கிறார்.

முதலில் ஓர் அவசர வேலை. உடைந்த துண்டை டிஷ்யூவில் சுற்றி அலுமாரியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துச் சுத்தமான தண்ணீரில் போட்டுவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள். பல் காய்ந்தால் வெளிறிப் போகும். ஈரம் ஏறினால் பெரும்பாலும் பழைய நிறத்துக்கு வரும், ஒட்டும்போது பிடிப்பும் நன்றாக இருக்கும். துண்டு முழுதாக இருந்து, உடைந்த இடத்தில் சரியாகப் பொருந்தினால், அதையே திரும்ப ஒட்டுவதைவிட வடிவான வழி வேறில்லை. நிறம், பளபளப்பு, மேடுபள்ளம் எல்லாம் உங்களுடையதே. எங்களில் யாராலும் அதற்குக் கிட்ட வர முடியாது. டொக்டர்மார் துண்டைப் பற்றிக் கேட்காவிட்டாலும் நீங்களாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நான் டொக்டர் இல்லை. டொக்டர்மார் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல் கட்டுகிற டெக்னீஷியன். கொழும்பில் ஒரு சின்ன லேபில் இருபத்திரண்டு வருடமாகப் போர்சலின் (பீங்கான்) பொடியைக் குழைத்து, தூரிகையால் அடுக்கி, உலையில் சுட்டு எடுக்கிறேன். பல்லுக்குரியவரின் முகத்தை அநேகமாகப் பார்ப்பதே இல்லை. ஓர் அச்சு வரும், கூடவே ஒரு துண்டுச் சீட்டு, அதில் ‘ஏ2’ என்று நிறக்குறி எழுதியிருக்கும். அவ்வளவுதான். ஆகவே இது செய்கிறவன் பக்கத்துக் கதை. வைத்திய முடிவை உங்கள் டொக்டரோடு கதைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கேள்விக்கு நேர்ப்பதில்: ஆளுக்கு ஆள் கதைக்கிற தூரத்தில் தெரியாத அளவுக்குச் செய்யலாம். ஆனால் எங்கள் தொழிலில் ஆகக் கஷ்டமான வேலை நீங்கள் கேட்பதுதான். மேலே ஆறு பல்லையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் எனக்குச் சுகம். ஆறும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் போதும், பார்க்கிறவருக்கு ஒப்பிட வேறொன்றும் இல்லை. நடுப்பல் ஒன்றை மட்டும் செய்யும்போது அதன் இரட்டைப்பிறவி பக்கத்திலேயே நிற்கிறது. கண் அரை நொடியில் இரண்டையும் ஒப்பிட்டுவிடும். என்ன பிழை என்று சொல்லத் தெரியாதவருக்குக்கூட ஏதோ ஒன்று உறுத்தும்.

அந்த உறுத்தலை எல்லோரும் ‘கலர் சரியில்லை’ என்றுதான் சொல்வார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அது கலர் இல்லை. வெளிச்சம் பல்லுக்குள் போய் வரும் விதம்தான் வித்தியாசப்படுகிறது.

இயற்கைப் பல்லுக்கு ஒரே நிறம் கிடையாது. மேலே இருக்கும் எனாமல், எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். பால்கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும். அதற்கு உள்ளே இருக்கும் டென்டின்தான் மஞ்சள் சாயலைத் தருகிறது. முரசுக்குப் பக்கத்தில் எனாமல் மெல்லிசு, அதனால் பல்லின் கழுத்து கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். கடிக்கும் விளிம்பில் டென்டினே இல்லை, வெறும் எனாமல். அந்த இடம் நீலமும் சாம்பலும் கலந்தாற்போல் தெரியும், வாய்க்குள் இருக்கும் இருட்டும் அதனூடாகக் கொஞ்சம் தெரியும். விளிம்பின் நுனியில் மட்டும் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கண்ணாடிக்கு முன்னால் நின்று உங்கள் உடையாத பல்லைப் பாருங்கள். உங்கள் வயதில் அநேகமாக இதெல்லாம் இருக்கும். இதற்கு மேல், எனாமல் நீல ஒளியைச் சிதறடித்துச் செம்மஞ்சளை ஊடுருவ விடுகிறது. அதனால் ஒரே விளிம்பு முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் நீலச் சாயலாகவும், பின்னாலிருந்து பட்டால் தேன் நிறமாகவும் தெரியும்.

இத்தனையையும் ‘ஏ2’ என்று எழுதி அனுப்பினால் நான் என்ன செய்வது? டொக்டரின் மேசையில் இருக்கும் பல் வடிவச் சின்னத் துண்டுகளின் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் வீட்டா கம்பனியுடையதுதான் ஊரெல்லாம் பாவனையில் இருக்கிறது. மொத்தம் 16 நிறம். ஏ என்றால் செம்பழுப்புச் சாயல், பி என்றால் செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். மனிதர்களின் வாயில் இருக்கும் நிறங்கள் இந்தப் பதினாறுக்குள் அடங்குவதில்லை. அந்தத் துண்டு ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவே.

சரி, பெரியம்மா மகளின் பல்லுக்கு வருவோம். நேரில் நன்றாக இருந்து ஃபோட்டோவில் வெளுக்கிறது என்றால் பழைய முறையில், உலோகத்தின் மேல் போர்சலின் கட்டிய கிரவுனாக இருக்கலாம். உள்ளே இருக்கும் கறுத்த உலோகத்தை மறைக்க ஒளி புகாத ஒரு வெள்ளைப் பூச்சு போடுவோம். பிளாஷ் வெளிச்சம் சொந்தப் பல்லுக்குள் போய்ச் சிதறும். இந்தப் பல்லிலோ அந்தப் பூச்சில் பட்டு நேரே திரும்பி வந்துவிடும். கெமராவுக்கு அது சுவர் மாதிரி. வீட்டு வெளிச்சத்தில் இவ்வளவு தெரியாது. அவருடைய முரசோரத்தில் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயம். முரசு கொஞ்சம் இறங்கினால் உலோக விளிம்பு அப்படித்தான் எட்டிப் பார்க்கும். அந்தக் கிரவுனை இளக்காரமாகச் சொல்லவில்லை. கடவாய்ப்பல்லில் அது இன்றைக்கும் நல்ல வேலை, வருடக்கணக்கில் உழைக்கும். முன்பல்லுக்கு இப்போது லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் இருக்கிறது. சிர்கோனியாவும் இருக்கிறது. உறுதியில் சிர்கோனியா முன்னுக்கு நிற்கும், ஒளி புகும் தன்மையில் பொதுவாக மற்றது.

வெளிச்சம் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாப்பிள்ளைக்கு முன்பல் ஒன்று செய்து கொடுத்தேன். லேபில் பார்த்தோம், டொக்டரின் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம், அவ்வளவு அழகாகப் பொருந்தியது. கல்யாணத்துக்குப் பிறகு இரவு விருந்து, நடனம், ஊதா விளக்கு. எல்லோருடைய பல்லும் பளீரென்று நீலவெள்ளையாக மின்ன, அவருடைய ஒரு பல் மட்டும் கறுப்பு. வீடியோவில் அவருக்குப் பல்லே விழுந்துவிட்டது போல இருந்தது. திங்கட்கிழமை காலையில் டொக்டரிடமிருந்து போன் வந்தது. பிழை முழுக்க என்னுடையதுதான். இயற்கைப் பல், முக்கியமாக டென்டின், புறஊதா ஒளியில் தானாக ஒளிரும். நான் பாவித்தது அந்தக் குணம் இல்லாத மலிவுப் பொடி. இப்போதைய நல்ல பொடிகளில் அதைச் சேர்த்தே தருகிறார்கள். இருந்தாலும் இன்றைக்கு வரைக்கும் ஒவ்வொரு முன்பல்லையும் அனுப்புவதற்கு முன் ஒரு ஊதா டோர்ச்சை அடித்துப் பார்ப்பேன். காசுத்தாள் சோதிக்கும் அதே டோர்ச்.

ஒளிர்வு தவிர, ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோவதும் உண்டு. கடையில் சேலைக்குப் பிளவுஸ் துணி எடுத்துவிட்டு வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பீர்களே, அதே காரணம்தான்.

அடுத்தது, நிறத்தைவிடக் கண்ணில் முதலில் படுவது பிரகாசம், அதாவது எவ்வளவு வெளிச்சம் அல்லது எவ்வளவு மங்கல் என்பது. மஞ்சள் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் மன்னித்துவிடும் கண், பிரகாசம் பிசகினால் மன்னிக்காது. ஃபோனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் செய்த பல் தனியே தெரிந்தால், மஞ்சளைக் கூட்டிக் குறைத்துப் பிரயோசனம் இல்லை. நாங்கள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பதும் இதற்குத்தான்.

அதோடு மேற்பரப்பு. இளம் வயதுப் பல்லின் முன்பக்கம் கண்ணாடி போல் வழுவழுப்பாக இராது. மேலிருந்து கீழாக இரண்டு மூன்று மெல்லிய மேடுகள், குறுக்கே மயிரிழை போன்ற வரிகள் இருக்கும். வயது போகப் போகத் தேய்ந்து வழுவழுப்பாகும். உங்கள் வயதுக்காரருக்கு வழுவழுவென்று ஒரு பல்லைக் கட்டி வைத்தால், நிறம் அச்சொட்டாக இருந்தாலும் அது ஐம்பது வயதுப் பல். அதேபோல, முன்முகம் பக்கவாட்டுக்குத் திரும்பும் இடத்தில் மேலிருந்து கீழாக ஓர் ஒளிக்கோடு விழும். பல்லின் அகலம் என்று கண் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டு பக்கத்து ஒளிக்கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைத்தான். இடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அந்தக் கோடுகளை உள்ளே தள்ளிக் கட்டுவேன், பல் ஒடுக்கமாகத் தெரியும். ஏமாற்றுத்தான், ஆனால் நல்ல ஏமாற்று.

தங்க விகிதம், 1.618 என்று இணையத்தில் நிறைய ஓடுகிறது. பல்லழகுக்கும் அதைப் பொருத்தி 1970களிலேயே எழுதினார்கள். பிறகு சொந்தப் பற்களை அளந்து பார்த்தவர்கள், பெரும்பாலானவர்களிடம் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்று கண்டார்கள். அதை விட்டுவிடுங்கள். எனக்கு உதவுகிற அளவு இதுதான்: நடுப்பல்லின் அகலம் நீளத்தில் 75 இலிருந்து 80 சதவீதம் வரை இருந்தால் பொதுவாகக் கண்ணுக்கு நன்றாக இருக்கும். அதைவிட முக்கியம் பக்கத்துப் பல். நடுக்கோட்டை ஒட்டிய இரண்டும் ஒத்திருக்க வேண்டும். அங்கிருந்து விலகிப் போகப் போக, வேட்டைப்பல் பக்கம் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. வேட்டைப்பல் முன்பற்களைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருப்பதும் இயற்கைதான். எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்கச் சொல்லி வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

இனி உங்கள் பல். மூலை மட்டும் உடைந்து, நரம்பு உயிரோடு இருக்கிறது என்றால், துண்டை ஒட்ட முடியாத பட்சத்தில் நான் கொம்போசிட் பக்கம். கிரவுன் விற்றுச் சாப்பிடுகிறவனே இப்படிச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. 2002 இல் வெளியான ஓர் அளவீட்டில், வெனியர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) வகைகளுக்குப் பல்லின் வெளித்தெரியும் பகுதியில் 3 இலிருந்து 30 சதவீதம் வரை சீவப்பட்டது, முழுக் கிரவுனுக்கோ 63 இலிருந்து 72 சதவீதம் வரை. உடைந்தது ஒரு மூலை. அதற்காக அந்தப் பல்லில் மூன்றில் இரண்டு பங்கைச் சீவி, பக்கத்தில் ஒரு குறையும் இல்லாமல் நிற்கும் பல்லிலும் அதையே செய்வதா? ‘இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்’ என்பது உண்மைதான். எனக்கும் வேலை சுகம். ஆனால் சுகம் எங்களுக்கு, சீவுப்படுவது உங்கள் பல். சீவிய எனாமல் திரும்ப வளராது. கிரவுன் காலம் முழுக்க இருப்பதும் இல்லை. உங்கள் வயதில் போட்டால் ஆயுளில் ஒரு தடவையாவது, அநேகமாக அதற்கு மேலும், மாற்ற வேண்டிவரும். பக்கத்துப் பல்லில் ஏற்கெனவே பெரிய அடைப்போ வெடிப்போ இருந்தால் கதை வேறு.

கொம்போசிட் எப்படிப் பிடித்து நிற்கிறது என்று சிலர் சந்தேகப்படுவார்கள். 1955 இல் அமெரிக்காவில் மைக்கேல் புவோனோகோர் என்பவர் எனாமலின் மேல் பொஸ்போரிக் அமிலத்தைக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினால் பிசின் நன்றாகப் பிடிக்கிறது என்று காட்டினார். பெயின்ட் பிடிக்க உலோகத்தை அமிலத்தால் தயார்படுத்துவதிலிருந்து வந்த யோசனை அது. அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்கும், பிசின் அவற்றுக்குள் போய் இறுகிவிடும். இன்றைக்கு முன்பல்லில் ஒட்டுகிற எல்லாமே, என் போர்சலின் வெனியர் உட்பட, அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

டொக்டர் கொம்போசிட்டை எப்படிக் கட்டப் போகிறார் என்று கேளுங்கள். ஒரே நிறத்தை எடுத்து அப்பினால் விளிம்பு சாம்பலாகவோ, உடைந்த கோடு தெரிகிறதாகவோ வரலாம். உள்ளே டென்டின் மாதிரி மங்கலான ஒரு படை, மேலே எனாமல் மாதிரி தெளிவான ஒரு படை என்று அடுக்கி, உடைந்த ஓரத்தைச் சரிவாகச் செதுக்கி நிறத்தைப் படிப்படியாகக் கலக்கவிட்டால், செய்தவரே சொன்னாலொழியக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நேரம் எடுக்கும். இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று சொல்கிறவரிடம் முன்பல்லைக் கொடுக்க வேண்டாம். காசு நெருக்கடி என்றால் வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குப் போகலாம். வரிசையில் காத்திருக்க வேண்டிவரும், ஆகவே இப்போதே போய் விசாரியுங்கள்.

நிறம் பார்க்கிற நாளுக்குச் சில விஷயங்கள். லிப்ஸ்டிக் வேண்டாம், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை வேண்டாம். வாயைத் திறந்து வைத்து வேலை தொடங்கினால் பல் காய்ந்து வெளுத்துவிடும். முழுதாகத் தன் நிறத்துக்கு வர ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அதனால் நிறத்தை உட்கார்ந்தவுடனே, மரக்கும் ஊசிக்கும் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இதே காரணத்தால், வேலை முடிந்த கையோடு கண்ணாடியைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்நேரம் உங்கள் சொந்தப் பல்தான் வெளிறி நிற்கும். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்குப் பல்லை வெளுக்கவைக்கும் எண்ணம் இருந்தால் அதுதான் முதலில். கொம்போசிட்டும் போர்சலினும் அந்த மருந்துக்கு வெளுக்காது. முதலில் வெளுக்கவைத்து, இரண்டு கிழமையாவது பொறுத்து, பிறகு கட்டலாம். உடனே கட்டினால் பல்லில் தங்கியிருக்கும் ஒட்சிசன் பிசினைச் சரியாகப் பிடிக்கவிடாது, நிறமும் இன்னும் நிலைத்திருக்காது. அடிபட்ட பல்லுக்கு இப்போதே வெளுக்கும் மருந்து போடலாமா என்பதை டொக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். எவ்வளவு வெள்ளை வேண்டும் என்று கேட்டால், என் பதில்: கண்ணின் வெள்ளையைத் தாண்ட வேண்டாம்.

கொம்போசிட்டின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். பிளேன் டீயும் குழம்பு மஞ்சளும் அதில் மெல்லக் கறையாகப் பிடிக்கும். சில வருடத்தில் பளபளப்புக் குறையும், ஓரத்தில் கோடு விழலாம். மெருகேற்றினால் நிறையத் திரும்பும். ஐந்து ஏழு வருடத்தில் புதுப்பிக்க வேண்டி வரலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போர்சலின் அப்படி மங்காது. ஆனால் உடைந்தால் பெரும்பாலும் புதிதாகவே செய்ய வேண்டும், கொம்போசிட் என்றால் அதே இடத்தில் ஒட்டுப்போடலாம். பிறகொரு காலத்தில் வெனியருக்குப் போக விரும்பினாலும் வழி திறந்தே இருக்கும். கிரவுனிலிருந்து திரும்பி வர வழி கிடையாது.

அவசரப்பட வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அடிபட்ட பல்லின் நரம்பு இன்று நன்றாக இருந்தாலும் மாதங்கள் கழித்துச் சத்தமில்லாமல் செத்துப் போகலாம். அப்படியானால் பல் உள்ளிருந்து சாம்பலாகும். இன்றைய நிறத்துக்குப் பார்த்துப் பார்த்து நான் கட்டிய மெல்லிய போர்சலின் அந்தக் கறுப்பை மறைக்காது. முதல் சந்திப்பில் எல்லாம் சரி என்பதோடு விடாமல், ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் ஒரு தடவையும், ஒரு வருடம் கழித்து ஒரு தடவையும் நரம்பைச் சோதித்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் முதல் சோதனை சேலை எடுக்கிற, கார்ட் அடிக்கிற நாட்களில்தான் வரும். திகதியை இப்போதே போனில் போட்டு வையுங்கள்.